தோலுக்கும் ஒரு காலண்டர் இருக்கு!

ஆடிக் காத்துல அம்மி பறக்குதோ இல்லையோ, முகத்துல இருக்கற ஈரப்பசை பறந்துடுது. மயிலாடுதுறையிலேர்ந்து பொறையார், தரங்கம்பாடி பக்கம் பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து காலேஜ் போறவங்களைக் கேட்டுப் பாருங்க. இறங்கறப்போ உதடு வெடிச்சு, கன்னம் இழுத்துப் பிடிச்சு, கை மேல நகத்தால கோடு போட்டா வெள்ளையாத் தெரியும்.

ஆனா மாய்ஸ்ச்சரைசர் விளம்பரம் எப்போ வருது? நவம்பர்ல. 'குளிர்காலம் வந்தாச்சு, சருமம் வறண்டு போச்சா?'னு டி.வி.யில ஒரு பொண்ணு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கேக்கும். அது டெல்லிப் பொண்ணு, ஃப்ரெண்ட்ஸ்! நமக்கு அப்போ அடைமழை. துவைச்சுப் போட்ட ஜீன்ஸ் மூணு நாளானாலும் காயாது. அந்த ஈரத்துல கெட்டி க்ரீமை அப்பிக்கிட்டு, 'ஏன் பரு வருது?'னு கேட்டா என்ன சொல்றது?

பருவத்துக்கு ஏத்த மாதிரி சாப்பாடு, குளியல், பூச்சு எல்லாத்தையும் மாத்திக்கறதுக்கு ஆயுர்வேதத்துல 'ருது சரியை'னு பேரு. சரக சம்ஹிதையிலயும் வாக்படரோட அஷ்டாங்க ஹிருதயத்துலயும் இதுக்குத் தனி அத்தியாயமே இருக்கு. வருஷத்துக்கு ஆறு பருவம். வாதம் கோடையில சேர்ந்து மழையில சீறும். பித்தம் மழையில சேர்ந்து, மழை விட்டு வெயில் அடிக்கற சரத் ருதுவுல சீறும். கபம் பனியில சேர்ந்து வசந்தத்துல உருகும். கணக்கு அவ்வளவுதான்.

சிக்கல் என்னன்னா, அந்தக் கணக்குல சரத் ருதுன்னு வர்ற மாசங்கள் கிட்டத்தட்ட நம்ம ஐப்பசி, கார்த்திகை. புஸ்தகத்துல வானம் தெளியற மாசம், நமக்குக் குடை தொலையற மாசம். வடக்கே தென்மேற்குப் பருவமழை. டெல்டா கடற்கரைக்கோ பெரிய மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வர்ற வடகிழக்குப் பருவமழைதான்.

அப்போ புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டுடலாமா? வேண்டாம். அதே சரக சம்ஹிதை, மாசத்தைப் பார்க்கற மாதிரியே மண்ணையும் பாருன்னு சொல்லுது. வறண்ட நிலம் ஜாங்கலம், நீர்வளம் மிகுந்தது ஆனூபம், நடுத்தரமானது சாதாரணம். தென்னையும் வாழையும் அடர்ந்து, ஆத்தங்கரையும் கடலோரமுமா இருக்கறதுதான் ஆனூபமாம். நம்ம காவிரி கடைமடையைப் பார்த்துட்டே எழுதின மாதிரி இல்ல? இந்த மண்ணுல கபமும் வாதமும்தான் கூடுதல்னும் சொல்லுது. அதனால நம்மூர்ல தேதியைப் பார்க்கறதைவிட காத்தைப் பார்த்து முடிவு பண்றது புத்திசாலித்தனம். திசைக்கு ஒரு காத்துக்குப் பேரு வெச்ச மொழி நம்மளது. மேற்கே கோடை, கிழக்கே கொண்டல், வடக்கே வாடை, தெற்கே தென்றல்.

இப்போ ஆனி, ஆடியில அடிக்கறது மேல்காத்து. நிலத்தைத் தாண்டி வர்றதால சூடும் வறட்சியும் சேர்ந்து வரும். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து திரும்பினாத்தான் மூச்சு வரும். வாதம் சீறினா எண்ணெய்தான் மருந்துன்னு ஆயுர்வேதம் சொல்றதுக்கு, தரங்கம்பாடியில சரியான நேரம் மார்கழி இல்ல, இதுதான். வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய் தேச்சு, இருபது நிமிஷம் ஊறி, வெதுவெதுப்பான தண்ணியில பயத்தமாவு போட்டுக் குளிங்க. மத்த நாள்ல குளிச்சு முடிச்சு, உடம்பு முழுக்கக் காயறதுக்குள்ள கை காலுக்கு நாலஞ்சு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும். எண்ணெய் புதுசா ஈரம் கொடுக்காது, இருக்கற ஈரத்தைப் பூட்டி வைக்கும். பரு இருக்கற முகத்துக்கு மட்டும் இது வேண்டாம்.

ஐப்பசி வந்தா கதை தலைகீழ். கடல்லேர்ந்து வர்ற காத்து உப்பும் ஈரமுமா இருக்கும். ('தரங்கம்பாடியில ஓசோன் காத்து, தோலுக்கு நல்லது'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கடல் வாசனை வேற, ஓசோன் வேற. ஓசோனை இழுத்தா நுரையீரல்தான் எரியும்.) சரத் ருதுவுல எண்ணெய், பனி, கீழ்க்காத்து மூணையும் தவிர்க்கணும்னு சரகர் சொல்றார். காரணம் பித்தம். நம்மூர்ல காரணம் வேற, ஆனா அறிவுரை பொருந்துது. தேமல் உண்டாக்கற பூஞ்சை தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசையைத் தின்னுதான் வளரும். தேமல் மேல எண்ணெய் தடவறது விருந்து வைக்கற மாதிரி. தீபாவளி எண்ணெய்க் குளியலோட நிறுத்திக்கலாம்.

ஹாஸ்டல்காரங்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை படர்தாமரை. ஈர ஜீன்ஸ், நாலு பேர் துடைக்கற ஒரே துண்டு, இது ரெண்டும் போதும். வெளிய சொல்ல வெக்கப்பட்டு மெடிக்கல் ஷாப்ல 'அரிப்புக்கு ஒரு க்ரீம்'னு வாங்குவோம். ரெண்டே நாள்ல அரிப்பு போயிடும், பூஞ்சை போகாது. அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா அரிப்பை மட்டும் அமுக்கிட்டு, படர்தாமரையை இன்னும் அகலமாப் பரப்பும். தோல் மெலிஞ்சு நிரந்தரக் கோடு விழுறதும் உண்டு. முகம் வெளுக்கணும்னு சிலர் பூசறதும் இதே ரக க்ரீம்தான். 2018-ல மத்திய அரசு இந்த மாதிரி பல க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு விதியை இறுக்கிச்சு. கேட்டா தர்ற கடையும் இருக்கு, கேக்கற நாமளும் இருக்கோம். சீமை அகத்தி இலையை அரைச்சுப் போடற பாட்டி வைத்தியம் பழசுதான். ஆனா படர ஆரம்பிச்சிட்டா தோல் டாக்டர்தான். அரசு ஆஸ்பத்திரியில காசே இல்லாம பார்க்கலாம். மருந்தைப் பாதியில மட்டும் நிறுத்தாதீங்க.

தை, மாசி நமக்கு ஜாலி மாசம். ராத்திரி கொஞ்சம் பனி, உதட்டுக்கு நெய். அவ்வளவுதான்.

சித்திரை, வைகாசியில ஆயுர்வேதம் சொல்றது சந்தனம். குளிர்ச்சி கிடைக்கும், சந்தேகமே இல்ல. ஆனா அது வெயிலைத் தடுக்காது. பதினொரு மணி வெயில்ல டேன்ஸ்போர்க் கோட்டை முன்னாடி செல்ஃபி எடுக்கணும்னா தொப்பியும் சன்ஸ்க்ரீனும் வேணும். எலுமிச்சம்பழச் சாறை முகத்துல தேச்சுக்கிட்டு வெயில்ல போறது மட்டும் கூடவே கூடாது. சாறு பட்ட இடம் சிவந்து, கொப்புளிச்சு, கறுப்பாத் தழும்பு நிக்கும்.

குளியல் பொடியிலயும் இதே ஆபத்து ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. வாசனைக்கும் தோல் நோய்க்கும்னு அதுல கார்போகரிசி சேர்ப்பாங்க. அதுல இருக்கற சோராலென், வெண்புள்ளி வைத்தியத்துல தோலை வெயிலுக்குக் கூசவைக்கறதுக்காகவே பயன்படற சரக்கு. டாக்டர் கண்காணிப்புல அது மருந்து, மே மாச வெயில்ல அது வம்பு. கோடைக்குப் பொடி அரைக்கறப்போ பயறு, ரோஜா இதழ், வெட்டிவேர், ஆவாரம்பூ போதும். நாட்டு மருந்துக் கடையில ரெடிமேடா வாங்கினா, கார்போகரிசி இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க.

பொடுகு பத்திக் கேட்டவங்களுக்கு அடுத்த வாரம். அதுவும் தேமலோட சொந்தக்காரன்தான்!