நடந்தும் தணியாத வெப்பம்

"தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன் டாக்டர். ஆனாலும் இரவில் வியர்த்துக் கொட்டுகிறது." எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் குறை இது. போதிய அளவு நடக்கவில்லையோ என்ற ஐயம் அந்தப் பெண்மணிக்கு. உடன் வந்த கணவருக்கோ அது ஐயமே அன்று, முடிவு.

இந்நிலைக்கு மருத்துவர்களாகிய நாங்களும் பொறுப்பு. மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகள் அனைத்துக்கும் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று ஒரே வரியில் விடை கூறிப் பழகிவிட்டோம்.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் மிகையான கூருணர்வு பெறுகிறது. உடற்சூடு சற்றே கூடினாலும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, முகம் சிவந்து, வியர்வை பெருகுகிறது. உடற்பயிற்சி இதைத் தணிக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு கூறியது.

உடல் எடையின் செய்தி வேறு. கொழுப்புத் திசுவிலும் ஈஸ்ட்ரோஜன் உருவாவதால், பருமனானவர்களுக்கு இத்தொல்லை குறைவாக இருக்கும் என்று முன்னர் எண்ணினர். காணப்பட்டதோ நேர்மாறு, குறிப்பாக மாதவிடாய் நிற்பதை ஒட்டிய ஆண்டுகளில். கொழுப்புப் படலம் கம்பளியைப் போல வெப்பத்தை உள்ளேயே தேக்குகிறது. மிகுந்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 70 கிலோவில் 7 கிலோ, குறைந்தால் வெப்பத் தொல்லையும் குறைய வாய்ப்புண்டு. ஆனால் நடையால் மட்டும் அவ்வளவு குறைவது அரிது. தட்டில் விழும் சோறும் குறைய வேண்டும். இயல்பிலேயே மெலிந்தவர்களுக்கு இது பொருந்தாது.

அப்படியானால் நடையை விட்டுவிடலாமா? கூடவே கூடாது. இந்த ஆண்டுகளில்தான் எலும்பு விரைந்து தேய்கிறது. இதயமும் ஈஸ்ட்ரோஜனின் துணையை இழக்கிறது. நடையுடன் மாடிப்படி ஏறுவதும், சிறு எடைகளைத் தூக்கிப் பழகுவதும் தேவை. வியர்வை நிற்கவில்லை என்பதால் அந்த உழைப்பு வீணாகிவிடவில்லை.

வெப்பத் தொல்லைக்கு மிகுந்த பயன் தருவது ஹார்மோன் மருத்துவமே. மார்பகப் புற்றுநோய் அல்லது இரத்த உறைவு கண்டவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதன்று. அவர்களுக்கு வேறு மருந்துகள் உள்ளன. பொறுத்துக்கொள்வதே பெண்ணின் கடமை என்ற பேச்சை நாங்கள் ஏற்பதில்லை.

கணவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டினால், அன்று நடந்தாரா என்று கேட்க வேண்டாம். எத்தனை முறை விழித்தார் என்பதை இரண்டு வாரம் குறித்து, அந்தத் தாளுடன் அவரை அழைத்து வாருங்கள்.