பாட்டா? படிப்பா?

"பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால்தான் மனதில் ஏறுகிறது" என்கிறார்கள் பிள்ளைகள். "இசை மூளையை வளர்க்கிறதாமே!" என்று பெற்றோரும் தலையாட்டுகிறார்கள்.

இசை கூடுமா, கூடாதா என்ற மார்க்கச் சட்டத்திற்குள் நாம் இங்கே போகவில்லை. இவர்கள் ஆதாரம் காட்டும் விஞ்ஞானத்தையே எடுத்துக் கொள்வோம்.

1993-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வுதான் இந்தப் பேச்சைப் பரப்பியது. அதில் கலந்து கொண்டவர்கள் குழந்தைகள் அல்லர், கல்லூரி மாணவர்கள். மொஸார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள். கேட்டு முடித்த பிறகே சோதனை. அதுவும் பாடத்தில் அல்ல. மடித்து வெட்டிய தாளை விரித்தால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கணிப்பில்! கிடைத்த பலனும் கால் மணி நேரம் கூடத் தாண்டவில்லை. இதில் பாட்டு எங்கே? படிப்பு எங்கே?

2010-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு என்ன சொல்கிறது? எழுத்துக்களை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொன்னார்கள். பிடிக்காத பாட்டு நினைவைக் கெடுத்தது. பிடித்த பாட்டும் அதே போலக் கெடுத்தது! அமைதியில் இருந்தபோது நன்றாகச் செய்தார்கள்.

வியாபாரிகளே! கல்லாவில் நீங்கள் நோட்டு எண்ணும்போது பக்கத்தில் ஒருவர் பேசினாலே "கொஞ்சம் சும்மா இருப்பா" என்கிறீர்கள். எண்ணிக்கை தவறிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் பாடம் மட்டும் தவறாதா?

பிள்ளையின் காதிலிருந்து இயர்போனைக் கழற்றுமுன் கூடத்தில் அலறும் டி.வி.யை நீங்கள் அணையுங்கள். தேர்வு மண்டபத்தில் யாரும் பாட்டுப் போட மாட்டார்கள்!

சிந்திக்க வேண்டாமா?