புகைக்கு விலை

விடியற்காலையில் மழை பெய்தால் கெடா தோட்டங்களில் ரப்பர் மரம் வெட்ட இயலாது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்துவிடும். மங்கில் மழைநீர் கலந்துவிடும். வேலை தடைப்படும் நாளில் தொழிலாளியின் வருமானமும் குறையும். வானிலை தடுமாறும்போது முதலில் அடிபடுபவை இத்தகைய குடும்பங்களே.

2022 ஜூலை 4ஆம் நாள் பாலிங் மாவட்டத்தின் குப்பாங் பகுதியைத் தாக்கிய வெள்ளம் மூவரின் உயிரைப் பறித்தது. ஒரு வெள்ளத்தை மட்டும் காட்டிப் பருவநிலை மாற்றத்தை நிறுவ முடியாதுதான். ஆயினும், காற்று சூடேறச் சூடேற அது தாங்கும் நீராவி கூடும்; கனமழையும் வலுக்கும்.

இச்சேதத்துக்கு யார் பணம் கொடுப்பது? அமெரிக்கப் பொருளியலறிஞர் வில்லியம் நோர்ட்ஹாஸ் பல்லாண்டுகள் ஆராய்ந்த கேள்வி இது. அதற்காகவே அவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. நிலக்கரியை எரிக்கும் ஆலை நிலக்கரிக்கு விலை தருகிறது. புகை விளைவிக்கும் கேட்டுக்கு எதுவும் தருவதில்லை. அந்தச் செலவு வேறு யாருடைய தலையிலோ விழுகிறது. எனவே, புகைக்கும் விலை வைத்து, அதைப் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பது அவர் கருத்து. அப்போது ஆலைகள் தாமாகவே மாற்றுவழி தேடும். குரூணில் உள்ளது போன்ற சூரிய மின்னுற்பத்திப் பண்ணைகளும் பெருகும்.

மலேசியாவும் இவ்வழியில் அடியெடுத்து வைத்துள்ளது. இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026க்குள் கரிம வரி விதிக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், வரி ஆலையோடு நின்றுவிடாது. மின் கட்டணத்திலும் பொருள் விலையிலும் ஏறி வீட்டு வாசலுக்கு வரும்.

தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் நாள் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. தகுதியுள்ள டீசல் வண்டி உரிமையாளர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. பிறர் நிலத்தில் மரம் வெட்டுபவரிடம் டீசல் வண்டியும் இல்லை, சொந்த நிலமும் இல்லை. அத்திட்டம் அவரை எண்ணி வகுக்கப்பட்டதன்று.

கரிம வரியில் அக்குறை நேரக்கூடாது. வரிப்பணத்தை மக்களுக்கே சமமாகப் பங்கிட்டுத் தரவேண்டும் என்று 2019இல் அமெரிக்கப் பொருளியலாளர் பலர் கூட்டாக வலியுறுத்தினர். கெடாவுக்கு அதுவும் போதாது. பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கு வேலைக்குப் போகும் இளைஞருக்கு நேரத்திற்குப் பேருந்து வராவிட்டால், எண்ணெய் என்ன விலை விற்றாலும் அவர் மோட்டார் சைக்கிளைத்தான் முடுக்குவார். வரிப்பணத்தில் ஒரு பங்கு அந்தப் பேருந்துக்கும், இன்னொரு பங்கு மரங்களுக்குக் கட்டும் மழைத்தடுப்புக்கும் போகட்டும்.