ஏசியா, கூலரா? முதலில் மொட்டை மாடியைப் பாருங்க!

கத்திரி வெயில் நெருங்கினாலே கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரை வாடகை வீடுகளில் ஒரே கேள்விதான்: "ஏசி வாங்கலாமா, கூலரே போதுமா?" இஎம்ஐ கணக்குப் போட்டுவிட்டு நேராக ஷோரூமுக்குக் கிளம்பிவிடுகிறோம். ஆனால், முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல, தலைக்கு மேலே இருக்கும் தளத்தை. அதைச் சரிசெய்யாமல் வாங்கும் எந்த ஏசியும் கரண்ட் பில்லைத்தான் ஏற்றும்.

கூலர் இங்கே ஏன் எடுபடாது?

கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. காற்று வறண்டிருந்தால்தான் அது நடக்கும். டெல்லியில் மே மாத மதியம் 42 டிகிரி வெயில், 15 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை ஏறக்குறைய 22 டிகிரி வரை இறக்க வாய்ப்பு இருக்கிறது. மாமல்லபுரம், கோவளம் பக்கம் 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால், எவ்வளவு நல்ல கூலராக இருந்தாலும் 28 டிகிரிக்குக் கீழே போக முடியாது. கூடவே ரூமில் ஈரமும் ஏறும், வியர்வை காயாது, புழுக்கம்தான் மிச்சம். விலை குறைவு என்று வாங்கினால், அடுத்த வருஷமே அது துணி போடும் ஸ்டாண்டாக மாறிவிடும்.

ராத்திரியும் சுடும் சீலிங்

மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். வெளியே காற்று அடிக்கும், உள்ளே ஃபேன் போட்டால் அனல் இறங்கும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவில் அந்தச் சூட்டை வீட்டுக்குள் விடுகிறது. இந்த ஊர்ப் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். சூடு கீழே இறங்கத் தாமதமாகும். இப்போது செலவைக் குறைக்கப் பல கட்டடங்களில் வெறும் தளத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு எளிய தீர்வு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட். கட்டடத்தைப் பொறுத்து வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும். ஏசி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகைதான்.

அடுத்து ஃபேன், கடைசியில் ஏசி

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். தினமும் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் என்றால் கிட்டத்தட்ட 100 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு ரூ.6.45, 500-ஐத் தாண்டியதும் ரூ.8.55. அதோடு கீழ் ஸ்லாப்பில் கிடைத்த கூடுதல் சலுகையும் போய்விடும். எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அந்த 100 யூனிட் பெரிய விஷயம்.

இதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லையா? ஏசி வாங்குங்க, அது ஆடம்பரம் இல்லை. வாங்கும்போது நாலு விஷயத்தைக் கவனித்தால் போதும்:

* ஸ்டார் எண்ணிக்கையோடு லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்க. விதிகள் அவ்வப்போது கடுமையாவதால், பழைய 5 ஸ்டார் இன்றைக்கு 5 ஸ்டாராக இருக்காது.
* லேபிளில் உள்ள வருடாந்திர யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. தினமும் 8 மணி நேரம் போட்டால் 200 நாளிலேயே அது முடிந்துவிடும்.
* சின்ன ரூமுக்குப் பெரிய டன் வேண்டாம். சீக்கிரம் குளிர்ந்து ஓட்டம் குறைந்துவிடும், ஈரம் முழுசாக இறங்காது. நம் ஊரில் பாதிப் பிரச்னை ஈரம்தான். 26 டிகிரி வைத்து ஃபேனும் போட்டாலே பல இரவுகளைச் சமாளிக்கலாம்.
* ஈசிஆர் பக்கம் குடியிருந்தால், உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டை அரித்துவிடும். காப்பர் காயில், துரு தடுக்கும் கோட்டிங் இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்க. கடலைப் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம்.

கூரை ஓனருக்கு, பில் நமக்கு

உண்மையான சிக்கல் இங்கேதான். பெயின்ட் அடிக்க வேண்டிய மாடி ஹவுஸ் ஓனருடையது. சூட்டில் வேகுவதும் பில் கட்டுவதும் வாடகைக்கு இருப்பவர். ஓனருக்கு அவசரம் இல்லை. காலி செய்துவிட்டுப் போகப்போகும் வீட்டுக்குச் செலவு செய்ய நமக்கும் மனசு வராது. இதைத் தனிநபர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியாது.

தெலங்கானா 2023-லேயே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்துவிட்டது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்தது தமிழ்நாடு. 2003-ல் மழைநீர் சேகரிப்பை வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய மாநிலமும் இதுதான். குழி தோண்ட வைக்க முடிந்த அரசால், புதிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது வெயிலைத் தடுக்கும் கூரை வேண்டும் என்று சொல்ல முடியாதா? ஜிஎஸ்டி சாலையின் இரு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பும் இப்போதே அதைச் சொன்னால்தான் பலன்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். வீடு பார்க்கும்போது தண்ணீர், பார்க்கிங் கேட்கிற மாதிரி கூரையையும் கேளுங்க. மேல்தளம் என்றால் ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவை போய், ஃபேன் போட்டுப் பத்து நிமிஷம் உட்காருங்க. அனல் இறங்கினால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பெயின்ட் பற்றிப் பேசிவிடுங்க. சாவி கைக்கு வந்த பிறகு பேசினால், "ஏசி மாட்டிக்கோங்க தம்பி" என்பதுதான் பதிலாக இருக்கும்.