மூச்சை அளக்கும் பட்டையும் நம் ஆராய்ச்சி வாழ்வும்

அறிவியல் பயிலும் நண்பர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. வளையும் மின்னணுக் கருவிகள், தோலில் ஒட்டும் உணர்கருவிகள், உடலின் மின்துடிப்பைப் படிக்கும் பட்டைகள் ஆகியவற்றை ஆராயப் புகுந்தால் பிழைப்பு உண்டா? “உண்டு, கடல் கடந்தால்!” என்பதே பெரும்பாலோர் விடை.

கடல் கடப்போரை நான் பழிக்க மாட்டேன். நம் பாட்டன்மார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களை விட்டுக் கோலார் தங்கவயலுக்கு வந்ததும் பிழைப்பைத் தேடித்தானே! ஆயினும் அந்த விடை எனக்கு நிறைவு தரவில்லை.

தங்கவயலின் கதையையே எண்ணிப் பாருங்கள். 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானிய, பிரிட்டானிய அறிஞர்களுடன் கண்டனர். பாறை வெடித்துச் சிதறுவதை நம்மவர் ‘ஏர்பிளாஸ்ட்’ என்பார்கள். அதன் அதிர்வைக் கேட்கவும் ஜியோஃபோன்கள் வைக்கப்பட்டன. விண்ணின் துகளைக் கேட்டார்கள். பாறையின் முனகலைக் கேட்டார்கள். அப்பாறையைத் துளையிட்டவனின் மூச்சை எதைக் கொண்டு கேட்டார்கள்? எக்ஸ்ரே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கல்தூசி நுரையீரலில் படிந்து தழும்பான பின்புதான் அது காட்டும். அத்தழும்பை ஆற்ற மருந்தில்லை.

இன்று நிலைமை வேறு. மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்குக்காக 2000-இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர். அத்தகைய பொருளை மெல்லிய படலத்தில் பூசி மார்பில் ஒட்டினால், மூச்சிழுக்கும்போது படலம் நீள்கிறது, மின்தடை மாறுகிறது. அம்மாற்றமே மூச்சின் கணக்கு. சொல்வது எளிது! வியர்வை பட்டால் அளவு திரியும். உடல் அசைந்தால் திரியும். ஒரு வாரத்தில் பசை விடும். பட்டை செய்ய ஆறு மாதம் போதும், அதை நம்புவதற்கு ஆறாண்டு வேண்டும். ஆராய்ச்சி மாணவனுக்கோ கட்டுரை எண்ணிக்கையே வாழ்வு. 2023 முதல் திங்களுக்கு 37,000 ரூபாய் உதவித்தொகை, பின் 42,000, ஐந்தாண்டு கழிந்தால் அதுவும் நின்றுவிடும். பிறகு அவன் விமானம் ஏறாமல் என்ன செய்வான்?

கருவி இல்லாத குறையன்று இது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் நெகிழ் மின்னணுவியலுக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தூசி புகாத ஆய்வறைகள் இருக்கின்றன. (தங்கவயலில் தூசி புகாத அறை எதையும் நான் கண்டதில்லை!) குறை, தோல்விக்குச் சம்பளம் கொடுக்கும் மனம் இல்லாததுதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் செய்த செயற்கை இதய வால்வின் முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவதுதான் 1990-இல் ஒரு நோயாளியின் நெஞ்சுக்குள் சென்றது. அத்தனை ஆண்டும் அந்நிலையம் அவர்களைத் தாங்கியது. கட்டுரைக் கணக்குப் பார்த்திருந்தால் இரண்டாவது வால்வோடு கடை மூடியிருப்பார்கள்.

சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. சைனைடு மண்மேடுகள் மூடப்படவில்லை. காற்றுக் காலத்தில் அத்தூசி வீடுகளுக்குள் வருகிறது. காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து படிக்கும் தங்கவயல் மாணவர் நம்மிடையே பலர். முதுகலைத் திட்டப்பணியை அங்கே, ஒரு மருத்துவரின் துணையோடு, மக்களின் இசைவு பெற்றுச் செய்யத் துறைகள் இடம் கொடுக்க வேண்டும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டு மாணவர் தொடரவும் வேண்டும். இதைக் கேட்டுத் துறைத்தலைவர்களுக்கு நம் மன்றம் ஒரு விண்ணப்பம் எழுதட்டும். முதல் கையெழுத்து என்னுடையது.