கால் போனால் எல்லாம் போயிற்றா?

"காலை எடுத்துவிட்டார்களாம்; இனி அவ்வளவுதான்!" அல்லிநகரத்தில் என் சித்தப்பாவைப் பற்றி ஊரார் பேசிய பேச்சு இது. அவ்வளவுதானா?

தேனிச் சந்தையில் மூட்டை தூக்கியவர் அவர். நாளொன்றுக்கு இரண்டு கட்டுப் பீடி. புகையால் கால் இரத்தக் குழாய்கள் அழன்று அடைபடும் 'பர்ஜர்' நோய் அவரைப் பற்றியது. விரல்கள் கறுத்தன. படுத்தால் வலி கூடும் என்று காலைத் தொங்கவிட்டபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அந்த இரவுகளைக் கண்டவர் 'கால் போயிற்றே' என்று அழமாட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தபின் அவர் சொன்ன முதற்சொல், "படுத்துத் தூங்கினேன்டா" என்பதே. எல்லா வலிக்கும் வெட்டுதான் மருந்து என்று நான் சொல்லவரவில்லை. வேறு வழியெல்லாம் அடைபட்டபின் எடுக்கும் முடிவு அது. பீடியை விடாவிட்டால் மறுகாலும் போகும் என்றார் மருத்துவர், விட்டுவிட்டார்.

சில வாரங்களில், இல்லாத பெருவிரல் எரிகிறது என்றார். வீட்டில் சிலர் சிரித்தனர். அப்பத்தா திருநீறு பூசினார். அது பொய்யன்று. கால் போனாலும் மூளையில் அக்காலுக்குரிய இடம் போய்விடுவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில், நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல உறுப்பின் பிம்பத்தை இழந்த உறுப்பாகக் காணச் செய்து சிலருடைய வலியைத் தணித்தார். எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடிக்கும் அந்த வேலை வந்தது. எரிச்சல் முற்றும் போகவில்லை, குறைந்தது.

இத்தகையோரிடம் நாம் உடனே சுதா சந்திரனைச் சொல்லிவிடுகிறோம். 1981இல் திருச்சி அருகே நேர்ந்த விபத்தில் காலை இழந்து, 1984இல் செயற்கைக் காலுடன் மேடையேறி ஆடியவர். அரிய சாதனைதான். ஆனால், காலிழந்த ஒவ்வொருவரும் நாட்டியம் ஆடிக் காட்டினால்தான் மதிப்போமா? அவர் அணிந்த ஜெய்ப்பூர் கால் 1968இல் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் உருவாக்கியது. வெறுங்காலோடு வரப்பில் நடக்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம். சித்தப்பாவுக்கு அது போதும்.

இன்று அவர் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். கடைக்கு மூன்று படிகள். பிடித்து ஏற ஒரு கம்பி இல்லை. நாள்தோறும் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் கம்பியை வைத்துத் தரலாம்.