மகாராணி பார்த்த படம்



“மருதநாயகம் மட்டும் வந்திருந்தா...” என்று எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒருவர் ஆரம்பித்தால் அரைமணி நேரத்துக்குப் பேச்சு ஓயாது. சிவகாசிக்காரனுக்கு சினிமா பாதித் தொழில். போஸ்டர் அடிப்பது இங்கே. வெடிப்பெட்டி லேபிளில் நடிகர், நடிகை முகத்தை ஒட்டுவதும் இங்கே. ஆனாலும் வராத ஒரு படத்துக்குக் கால் நூற்றாண்டுக்கு மேலாக ரசிகர்கள் இருப்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கமல்ஹாசன் இயக்கி நடிப்பதாக இருந்த அந்தப் படத்தின் தொடக்க விழா 1997 அக்டோபர் 16 அன்று சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் நடந்தது. பிரிட்டிஷ் மகாராணி எலிசபெத் நேரில் வந்தார். முதல்வர் கருணாநிதி இருந்தார். படத்தின் கதாநாயகன் யூசுப்கானை மதுரையில் தூக்கில் போட்டது 1764 அக்டோபர் 15. ஆற்காடு நவாபும் கிழக்கிந்தியக் கும்பெனியும் சேர்ந்து செய்த காரியம் அது. 233 வருஷமும் ஒரு நாளும் கழித்து, கும்பெனிக்குப் பின்னால் வந்த முடியரசின் வாரிசு வந்து அவன் படத்துக்கு வாழ்த்துச் சொல்லிப் போனார். இரண்டு நாள் முன்புதான் ஜாலியன்வாலா பாகில் மலர்வளையம் வைத்திருந்தார். பிறகு பணம் புரளவில்லை, படம் நின்றது. கமலுக்கு அதற்கப்புறமும் நின்ற படங்கள் உண்டு. 2008இல் ‘மர்மயோகி’, 2016இல் பாதியில் நின்ற ‘சபாஷ் நாயுடு’. மருதநாயகம் மட்டும் புராணமாகிவிட்டது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அய்யா ஒரு அச்சாபீசில் கட்டிங் மிஷினில் வேலை பார்த்தார். கழிவுத்தாள் கொண்டுவந்து என் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுப்பார். மகாராணி வந்த செய்தியைப் பேப்பரில் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. அதே வருஷம் மே மாதச் செய்தியை அவர் வாசித்துக் காட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம், அதுதான் ஞாபகம்.

இளைய தோழர்களுக்காகச் சொல்கிறேன். விருதுநகரை மையமாக வைத்து உருவான போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மன் படையில் நின்று கும்பெனியை எதிர்த்துச் செத்த நம்மாள். “அந்தப் பேரு எழுதின பஸ்ஸுல ஏறமாட்டோம்” என்றது ஆதிக்கச் சாதி. கலவரம் பரவியது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்தால் அசிங்கம் என்று, எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லா மாவட்டத்திலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகத்திலிருந்தும் சேர்த்து எடுத்தது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது இப்படித்தான். நம் பெயரைச் சுமக்க மறுத்ததில் காமராசரும் பெயரிழந்தார் என்பதை இந்த ஊரில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஜூன் 30ஆம் தேதி மேலவளவில், ஊராட்சித் தலைவராகிவிட்ட குற்றத்துக்காக முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அடுத்தது அக்டோபர், மகாராணி, கிளாப் கட்டை.

ஒரு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில்கூட எழுத முடியாத பெயரை எந்தத் தயாரிப்பாளர் அந்த வருஷம் திரையில் எழுதியிருப்பார்? மருதநாயகம் பணமில்லாமல் நின்ற படம். சுந்தரலிங்கத்துக்கு ‘நின்றது’ என்ற சொல்லே பொருந்தாது. தொடங்கியிருந்தால் அல்லவா நிற்பதற்கு?

இதைச் சொன்னால், “அப்போ மருதநாயகம் உங்களுக்கு எதிரான படமா?” என்று கேட்கிறார்கள். இல்லை. எனக்கும் அந்தப் படம் பார்க்க ஆசைதான். பனையூரில் பிறந்தவன், பிறந்த சாதி பற்றி ஒன்றுக்கு மேல் கதை உண்டு. மதம் மாறி, சிப்பாயாகி, மதுரைக்கே கவர்னராகி, கடைசியில் எசமானர்களையே எதிர்த்தவன். பிறந்த இடத்தில் கிடக்காதவனை இந்த மண் என்ன செய்யும் என்பதற்கு அவன் உடம்பே சாட்சி. வெட்டித் தனித்தனியாகப் புதைத்ததாகச் சொல்வார்கள். பாளையக்காரர்களை ஒடுக்கியவனும் அவனேதான். புலித்தேவன் கோட்டைகளும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் அவன் படை மிதித்த இடங்கள். பாளையக்காரப் பெருமையைச் சாதிப் பெருமையாக மாற்றி ஊதிக்கொண்டிருந்த தென்மாவட்டத்தில் அந்தப் படம் வந்திருந்தால் சுவாரசியமான சண்டையாவது நடந்திருக்கும். ‘தேவர் மகன்’ எழுதிய கை அதை எப்படி எழுதியிருக்கும் என்பது வேறு கேள்வி.

2003இல் ‘சண்டியர்’ என்ற பெயரைப் புதிய தமிழகம் எதிர்த்தபோது ‘கருத்துச் சுதந்திரம்’ என்று கத்தியவர்கள் பலர். பெயர் ‘விருமாண்டி’ ஆகி 2004இல் படம் வரத்தான் செய்தது. ஒரு பெயரை எதிர்த்த நாம் சுதந்திரத்தின் விரோதிகள். ஒரு பஸ்ஸின் பெயருக்காக ஊரைக் கொளுத்தியவர்களுக்கு அப்படி ஒரு பட்டம் யாரும் தரவில்லை.

இப்போது என் கவுண்டருக்கு வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். நான் வங்கிக் குமாஸ்தா. நகைக் கடன் சீட்டு எழுதுவதும் என் வேலை. சீட்டில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நிலம் உள்ளவர்கள் விவசாயம் என்று எழுதுவார்கள், வட்டி குறையும். நம் சனத்துக்கு ‘இதர செலவு’. சில வருஷம் முன்பு காலனிப் பையன் ஒருவன் அம்மாவின் கம்மலையும் ஒரு செயினையும் வைத்தான். “என்னத்துக்குப்பா?” என்றேன். “படம் எடுக்கணும்ணே” என்றான். இருபத்திரண்டு நிமிஷப் படம். பயர் ஆபீஸ் வெடித்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வாசலில் கொலுசையும் மெட்டியையும் வைத்து ஆளை அடையாளம் சொல்லக் காத்திருக்கும் பெண்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் செத்த அன்று அவன் பள்ளிக்கூடப் பையன். அந்த வாசலில் நின்றிருக்கிறான். நான் ‘இதர செலவு’ என்று எழுதினேன்.

கேமராவை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தான். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் சித்தியையும் பெரியம்மாவையும் வைத்து எடுத்தானாம். மூன்றாம் நாள் போர்மேன் அவன் அம்மாவைக் கூப்பிட்டு, “ஒம்மவன் நம்மளப் படம் புடிக்கானாம்ல? நாளையிலருந்து வேலைக்கு வராண்டாம்” என்று சொல்லிவிட்டார். அதோடு சரி. அந்த வீட்டு அடுப்பெரிவது அந்தக் கூலியில். இரண்டு தடவை வட்டி கட்டித் திருப்பி வைத்தான், மூன்றாம் தடவை வரவில்லை. ஏல நோட்டீசில் அவன் அம்மா பெயரைத் தட்டச்சு செய்து கவரில் போட்டு ஒட்டியது நான்தான், தோழர்களே. கவிதை எழுதுகிற அதே விரல்கள்.

இந்த ஊரைப் படமெடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரிலிருந்து வந்த சலம் பென்னூர்கர் 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ எடுத்தார். தீப்பெட்டி ஆபீஸ் குழந்தைகள் பற்றிய ஆவணப்படம். எங்கள் ஊர்த் தியேட்டர் எதிலும் அதை நான் பார்த்ததில்லை. கல்லூரியில் ஒரு தோழர் கொண்டுவந்த தேய்ந்த பிரதியில் பார்த்தேன். ஜப்பார் பட்டேலின் அம்பேத்கர் படம் 2000இலேயே முடிந்துவிட்டது. தமிழில் திரைக்கு வர 2010 டிசம்பர் ஆனது. எடுத்து முடித்தாலும் பெட்டிக்குள் வைத்து எடுக்காத படமாக ஆக்கிவிடத் தெரிந்தவர்கள் இவர்கள்.

இன்று நிலைமை அப்படியே இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021இல் வந்தபோது, கொடியன்குளத்தைத் தெரிந்த எங்கள் பெரியவர்கள் தியேட்டரில் எழுந்து நின்றார்கள். பா. ரஞ்சித் கோலார் தங்கவயலைத் திரைக்குக் கொண்டுவந்தார். அதே ரஞ்சித் 2018இல் அறிவித்த பிர்சா முண்டா படம் இன்னும் வரவில்லை. டீக்கடையில் அதைப்பற்றி யாரும் ‘மட்டும் வந்திருந்தா’ என்று பெருமூச்சு விட்டு நான் கேட்டதில்லை.

‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாமை நம் பக்கங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். கய்யூர் விவசாயிகள் பற்றி அவர் எடுக்க நினைத்த படம் நடக்கவில்லை. ஆனால் ஒடேஸா என்று குழு சேர்த்து, ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, சனங்களிடம் சில்லறை வாங்கியே 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். அடுத்த வருஷம் செத்துப்போனார். நம்மிடம் ஒடேஸா இல்லை. இந்தப் பத்திரிகை இருக்கிறது, முப்பத்திரண்டு பக்கம், அதுவும் காகித விலை ஏறாதவரை.

எனவே அடுத்த இதழிலிருந்து நாலு பக்கத்தை எடுக்காத படங்களுக்கு ஒதுக்குகிறோம். நீங்கள் நினைத்து விட்டுப்போன படத்தின் ஒரு காட்சியை எழுதி அனுப்புங்கள். ஏன் நின்றது, எவ்வளவு பணத்தில் நின்றது என்பதையும் ரூபாய்க் கணக்கோடு எழுதுங்கள். அந்தப் பையனைப் போய்ப் பார்த்தேன். இப்போது சாத்தூர் பக்கம் லோடு வண்டி ஓட்டுகிறான். “ரெண்டாம் நாள் எடுத்தது மெமரி கார்டுல அப்படியே இருக்குண்ணே” என்றான். முதல் காட்சி அவனுடையது.

பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பவும். திருப்பி அனுப்பத் தபால் செலவுக்கு நம்மிடம் காசில்லை.